மூக்கு ஒண்ணு, கை ரெண்டு

ஏம் பாப்பா, அங்கேயே நில்லு. உள்ளே வராதே. திண்ணையில உக்காரு, கொஞ்சம் காத்தாடட்டும்.

கோவிச்சுக்காதே கண்ணு. நீ பஸ்ஸை விட்டு எறங்கறதுக்கு முன்னாடியே உன் வாசனை எறங்கி, வழி கேட்டுக்கினு நம்ம வீட்டுக்கு வந்திருச்சு. நாய் நாலு தும்மல் போட்டுச்சு. தக்காளித் தோட்டத்துப் பக்கம் போனது இன்னும் திரும்பல. எதுத்த வீட்டுக்காரி சன்னலைத் தொறந்து, "யாரு வீட்டுல விசேசம்?"னு கேட்டா. "எங்க வீட்டுலதான், பேத்திக்கு போனஸ் வந்திருக்குது"ன்னு சொல்லி வெச்சேன்.

சரி, எத்தனை போட்டுப் பாத்தே? ஏழா! இடது கையில நாலு, வலது கையில மூணா! ஏழு மாப்பிள்ளையை ஒரே பாயில உக்கார வெச்சுட்டு, "இதுல உனக்கு எவன் புடிச்சிருக்கான்?"னு கேட்டா என்ன சொல்லுவே? பஜ்ஜி நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லுவே. இப்பவும் அதைத்தானே சொல்ற! "எது புடிச்சுது?"ன்னா, "அந்த ரோஸ் கலரு பாட்டிலு அழகா இருந்துச்சு அவ்வா"ங்கற. பாட்டிலை வாங்கப் போனியா, அதுக்குள்ள இருக்கறதை வாங்கப் போனியா?

செண்டு வாங்க வேணாம்னு நான் சொல்லல. நல்லா வாங்கு. ராவெல்லாம் கண்ணு முழிச்சு ஷிப்டு பாக்கற காசு, உன் மேல மணக்கறதுல தப்பே இல்ல. உங்க தாத்தா எனக்குன்னு வாங்கிக் குடுத்த வாசனைச் சாமான் ஆயுசுக்கும் ஒண்ணே ஒண்ணு, மைசூர் சாண்டல் சோப்பு. அதுலயும் பாதியை அவரே தேச்சுக் கரைச்சுட்டாரு. கேட்டதுக்கு, "நான் மணந்தா உனக்குத்தானே சந்தோசம்"னாரு. ஆம்பளைங்க கணக்கு அப்படி.

அதனால, வாங்கறதை ஒழுங்கா வாங்கக் கத்துக்கோ. நான் படிக்கலதான். ஆனா இருபது வருசம் பூக் கட்டுனேன். அப்புறம் பாலிஹவுஸுல ரோஜா பிரிச்சேன். மூணு பாஷையில பூ வித்தவ நான். தமிழ்க்காரிக்கு பூ, தெலுங்குக்காரிக்கு புவ்வு, கன்னடக்காரிக்கு ஹூவு. பேரம் மட்டும் மூணு பாஷையிலயும் ஒண்ணுதான். இந்த மூக்கு சர்வீஸ் போட்ட மூக்கு, கண்ணு.

மொதப் பாடம். மூக்கு ஒண்ணு, கை ரெண்டு. அதனால ஒரு நாளைக்கு மேலுக்குப் போட்டுப் பாக்கறது ரெண்டே செண்டு. மத்ததையெல்லாம் அந்த அட்டைச் சீட்டுல அடிச்சு மோந்து பாரு. அதுவும் அடிச்ச உடனே மூக்கை ஒட்டிக்கினு இழுக்காதே. அதுல இருக்கற ஸ்பிரிட்டு பறந்து போகட்டும், ஒரு நிமிசம் வீசிட்டு மோந்து பாரு. சீட்டு மேல பேரை எழுதி வெச்சுக்கோ. இல்லேன்னா நல்லா இருந்தது எதுன்னு தெரியாம, கடைக்காரப் பொண்ணு கையைக் காட்டற பக்கமெல்லாம் தலையாட்டிக்கினு நிப்பே.

அந்தக் கடைப் பொண்ணு காப்பிக் கொட்டை டப்பாவை நீட்டி, "இதை மோந்து பாருங்க மேடம், மூக்கு கிளீன் ஆயிரும்"னு சொன்னாளாமே. அமெரிக்காவுல ஒரு காலேஜுல 2011-ல அதையும் சோதிச்சுப் பாத்துட்டாங்க, காப்பிக் கொட்டையும் வெறுங்காத்தும் ஒண்ணுதான்னு தெரிஞ்சுதுன்னு நீதானே போன்ல படிச்சுக் காட்டுனே? அப்புறமும் போயி டப்பாக்குள்ள மூக்கை விட்டிருக்கே. கடையை விட்டு வெளியே வந்து நல்ல காத்தை மூச்சு வாங்கு. முடியலேன்னா உன் முழங்கை மடிப்பை மோந்து பாரு. காப்பியை டம்ளர்ல ஊத்திக் குடி.

ரெண்டாம் பாடம். மொதல்ல வர்ற வாசனையை நம்பாதே. பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு மாப்பிள்ளை எப்படி இருப்பான்? இஸ்திரி சட்டை, வழிச்ச மொகம், "அம்மா சமையல் பிரமாதம்"னு ஒரு பேச்சு. செண்டும் அப்படித்தான். அடிச்சதும் எலுமிச்சை, கிச்சிலின்னு குளுகுளுன்னு ஒண்ணு வரும். பத்து, பதினஞ்சு நிமிசத்துல ஓடிரும். அதுக்கப்புறம் மல்லி, ரோஜான்னு பூ வாசம் எழும்பும், அது ரெண்டு மூணு மணி நேரம் தாங்கும். அது மறுவீட்டு விருந்து. அதுவும் அடங்கின பின்னால, சந்தனம், கஸ்தூரி, வெனிலான்னு அடியில படிஞ்சது ஒண்ணு மெதுவா வெளியே வரும் பாரு, அதுகூடத்தான் நீ குடும்பம் நடத்தணும்.

கடைக்காரங்க சூட்சுமம் என்ன தெரியுமா? மாப்பிள்ளை பஜ்ஜி தின்னுக்கினு இருக்கும்போதே தட்டை மாத்தச் சொல்றாங்க. "பில் போட்டுறலாமா மேடம்?"னு கேப்பா. நீ என்ன பண்ணணும்? சிரிச்சுட்டே, "வூட்டுல கேட்டுட்டு வர்றேன்"னு சொல்லிட்டு வந்துரணும். எங்க காலத்துல கல்யாணத்துக்கே அதைத்தான் சொன்னோம், செண்டுக்குச் சொல்றதுக்கு என்ன வெக்கம்? அன்னிக்குப் பொழுதுக்கும் அதைப் போட்டுக்கினு திரி. பஸ்ஸுல நில்லு, வெயில்ல நட, கொஞ்சம் வேர்த்து விடு, வந்து வெங்காயம் நறுக்கு. ராத்திரி படுக்கப் போகும்போது மணிக்கட்டை மோந்து பாரு. அப்பவும் புடிச்சுதுன்னா, வர்ற ஞாயித்துக்கிழமை போயி வாங்கு. பெங்களூருக்கு இன்னொருக்கா போயிட்டு வர்ற பஸ் காசு, புடிக்காத பாட்டிலை வாங்கிப் பீரோவுல பூட்டி வெக்கறதை விடக் கம்மி.

"என் ஃபிரெண்டு போட்டிருந்தா சூப்பரா இருந்துச்சு அவ்வா"ங்கற. அவ மேல சூப்பரா இருந்துச்சு, சரி. மரிக்கொழுந்து தெரியுமில்ல? கதம்பத்துல ஊடால வெச்சுக் கட்டுவோமே, கன்னடக்காரங்க தவனம்பாங்க. கர்நாடகம், ஆந்திரா, தமிழ்நாடுன்னு இந்த மூணு ஊரு மண்ணுலதான் அது அதிகமா வெளையுது. அதைக் காய்ச்சி எடுக்கற எண்ணெய் சீமைக்கெல்லாம் போகுது. செண்டு கலக்கறவங்களுக்கு அது மேல ஒரு தனி மோகம், ஏன்னா ஆளுக்கு ஆள் தோலுல வேற வேற மாதிரி மணக்கும்னு பேரு அதுக்கு. இதை எனக்கு எந்தச் சீமைக்காரனும் வந்து சொல்லல. ஒரே கட்டுல ரெண்டு மொழத்தை வெட்டி, ஒண்ணை நானும் ஒண்ணை என் நாத்தனாரும் வெச்சுக்குவோம். சாயங்காலம் எனக்குப் பழ வாசம் வரும், அவளுக்குக் கசாய வாசம் வரும். பூ மேல ஏன் பழியைப் போடணும்? ஃபிரெண்டு செருப்பு உனக்குச் சேரும், அவ தோலு உனக்குச் சேராது.

மூணாம் பாடம், பாட்டில் மேல எழுதியிருக்கறதைப் படி. என்னவோ பிரெஞ்சுல எழுதியிருக்குதுன்னு மெரளாதே. எல்லாம் நம்ம மோர்ப்பானைக் கணக்குதான். பாடி மிஸ்டுன்னு விக்கறது நீர்மோரு. கொலோனுன்னா அதைவிடக் கொஞ்சம் பரவால்ல, நூத்துக்கு ரெண்டு பங்குலேர்ந்து அஞ்சு பங்கு வரைக்கும் வாசனைச் சரக்கு, மிச்சமெல்லாம் ஸ்பிரிட்டு. ஓ டி டாய்லெட்டுன்னா மோரு, அஞ்சுலேர்ந்து பதினஞ்சு. பேரைப் பாத்து மொகத்தைச் சுளிக்காதே, கக்கூஸுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஓ டி பர்ஃபமுன்னா கெட்டித் தயிரு, பதினஞ்சுலேர்ந்து இருவது. பர்ஃபமுன்னு ஒத்தை வார்த்தையில இருந்தா வெண்ணெய், இருவதுக்கு மேல. நீர்மோரை வாங்கிட்டு, "ஒரு மணி நேரத்துல போயிருச்சே"ன்னு அழக்கூடாது. வெண்ணெயை வாங்கிட்டுத் தலையோட ஊத்திக்கவும் கூடாது.

இன்னொண்ணு, ஊரையும் பாத்து வாங்கணும். ஓசூரு என்ன ஊரு? கடல் மட்டத்துக்கு மேல ஏறக்குறைய 900 மீட்டரு. குட்டி இங்கிலாந்துன்னு வெள்ளைக்காரன் கொண்டாடின ஊரு. மார்கழி காலையில மூக்கு வெறைச்சுப் போயி எந்த வாசமும் எழும்பாது, அங்கே சந்தனம், வெனிலான்னு கனமானது போடலாம். அதையே போட்டுக்கினு சித்திரையில கிருஷ்ணகிரிக்கு எறங்கிப் பாரு. 50 கிலோமீட்டருதான், ஆனா அடுப்புக்குள்ள எறங்கற மாதிரி. சூட்டுக்கு வாசனை ரெண்டு மடங்கா எழும்பும். உன் பக்கத்துல உக்காந்தவன் சூளகிரியிலயே எறங்கிருவான். மாம்பழ சீசனுக்குக் கிருஷ்ணகிரி போனா செண்டே போடாதே. பல்ப் ஃபேக்டரிப் பக்கம் ஊரே தோத்தாபுரி மணக்கும்போது, உன் பாட்டிலு எந்த மூலை?

இப்ப ஒரு கூத்து சொல்றேன். நம்ம ஓசூரு ரோஜாவுக்குப் பேர் போன ஊரு. பிப்ரவரி வந்தா காதலர் தினத்துக்குக் கட்டுக் கட்டா வெளிநாட்டுக்கு ஏத்துவாங்க. தாஜ்மகால்னு ஒரு ரகம், ரத்தச் செவப்பு, காம்பு மொழ நீளம். நான் பிரிச்சுக் கட்டுன கட்டுக்குக் கணக்கே இல்ல. ஆனா மோந்து பாத்தா? வாசம் தேடித் தேடித்தான் புடிக்கணும். ரொம்ப நாளு வாடாம இருக்கணும், பெட்டியில அடிபடாம போகணும்னு பாத்துப் பாத்து ரகம் கட்டுனதுல, அந்த மாதிரிப் பூவுக்கெல்லாம் வாசம் வழியிலயே எறங்கிப் போச்சு. அழகுல கொறையில்ல, மூச்சுதான் இல்ல. அப்புறம் அந்தப் பூவை வாங்குனவன், ரோஜா வாசம் வேணும்னு தனியா ஒரு பாட்டிலு வாங்கறான். இதுக்குப் பேருதான் வியாபாரம்.

மல்லி கதை இன்னும் ஜோரு. காவேரிப்பட்டணத்துப் பக்கம் காலையில மொட்டா பறிக்கற குண்டுமல்லி சாயங்காலம் யாரு தலையிலயோ போயி வெடிக்குது. கோயமுத்தூரு, மதுரைப் பக்கம் ஆலையில மல்லியையும் பிச்சிப்பூவையும் பெரிய அண்டாவுல போட்டு, மருந்துல ஊற வெச்சு வாசத்தைப் பிழிஞ்சு எடுக்கறாங்க. ஆயிரம் கிலோ பிச்சிப்பூவைப் போட்டா மூணு கிலோ மெழுகு தேறுமாம். அதுக்குப் பேரு காங்க்ரீட்டாம்! நான் மாடி கட்டத்தான் கலக்கறாங்கன்னு நெனைச்சேன். அந்த மெழுகை மறுபடி ஸ்பிரிட்டுல அலசுனா பாதிதான் மிஞ்சும். அது பிரான்ஸுக்குப் போகுது. அங்கே ஒரு கோட்டு போட்டவரு ரெண்டு சொட்டு விட்டு, கண்ணாடி பாட்டில்ல அடைச்சு, பிரெஞ்சுல பேரு வெச்சு அனுப்பறாரு. அதை நீ பெங்களூருல போயி, ஏசியில நின்னு, ஆயிரம் ஆயிரமா எண்ணிக் குடுத்து வாங்கிக்கினு வந்து, "அவ்வா, ஃபாரின் வாசனை!"ங்கற. அது போயிட்டு வந்த மல்லி, பாப்பா. எடுத்துக்கினு போனவன் காசு வாங்குனான், திருப்பிக் குடுத்தவனும் காசு வாங்குனான். பறிச்சவளுக்குக் கிலோவுக்கு இத்தனைன்னு கூலி.

அந்தக் காலத்துச் சீமைச் செண்டுல இன்னொரு சரக்கும் உண்டு. புனுகு. திருப்பதிப் பெருமாளுக்கு வெள்ளிக்கிழமை அபிஷேகம் முடிஞ்சதும் சாத்தறாங்களே, அதேதான். எங்கேர்ந்து வருதுன்னு உனக்குத் தெரியுமா? புனுகுப் பூனைக்கு வாலுக்கு அடியில ஒரு பை இருக்குது, அங்கேர்ந்து. மொகத்தை ஏன் திருப்பிக்கற? தனியா மோந்தா ஓடிருவே, துளி கலந்தா சொக்கிருவே. பிரான்ஸுக்காரங்க வாசனை நிக்கணும்னு இதைத்தான் ரொம்ப காலமா கலந்தாங்க. இப்பப் பூனை பாவம்னு பெரும்பாலும் செயற்கையா செஞ்சுக்கறாங்க. எது எப்படியோ, உலகத்து அழகிங்க எல்லாம் ஒரு காலத்துல பூனைக்குக் கடன்பட்டவங்க.

அஞ்சாம் நம்பருன்னு ஒரு செண்டு இருக்குதே, ஷனெலு. 1921-ல வந்தது. அந்த ஷனெலு அம்மா முன்னால செண்டு கலக்கறவரு வரிசையா மாதிரி பாட்டிலுங்களை நம்பரு போட்டு வெச்சாராம். அந்தம்மா மோந்து பாத்து அஞ்சாவதை எடுத்தாங்களாம், பேரும் அதுவே ஆயிப்போச்சு. டவுன் பஸ் நம்பரு மாதிரி ஒரு பேரு, நூறு வருசமா ஓடுது. அவங்களும் நெறைய மோந்துதானே பாத்தாங்கன்னு மடக்கறியா? அவங்களுக்குக் கடைசி பஸ்ஸைப் புடிக்கற அவசரம் இல்ல, கண்ணு.

இதுக்கெல்லாம் பெங்களூரு வரைக்கும் போகணுமா என்ன? 1984-ல டாட்டாவும் நம்ம அரசாங்கத்து டிட்கோவும் சேர்ந்து ஆரம்பிச்ச டைட்டன், ஓசூருல கடிகாரம் பண்ணிக்கினு இருந்த கம்பெனி, 2013-ல செண்டு விக்க வந்துச்சு. பிரான்ஸு வித்துவானுங்களைக் கூப்பிட்டுக் கலக்கச் சொன்னாங்க. அதுக்கு என்ன பேரு வெச்சாங்க? ஸ்கின்! தோலுன்னு அர்த்தமாமே? பாத்தியா, தோலுல போட்டுப் பாத்து வாங்குங்கன்னு பேருலயே புத்தி சொல்லிட்டாங்க. நான் சொன்னா மட்டும் உனக்குக் கெழவி பொலம்பறா.

சரி, வாங்கிட்டே. போடற பாடத்தைக் கேளு.

குளிச்சுத் துடைச்ச ஒடம்புல, துளி தேங்காயெண்ணெய் தடவி அது மேல அடி. காஞ்ச தோலுல வாசம் நிக்காது, பாறையில வெதச்ச கேவுரு மாதிரி போயிரும். மணிக்கட்டு, கழுத்தோரம், முழங்கை மடிப்பு, இதுல ஏதாவது ரெண்டு எடம். சாண் தூரம் தள்ளிப் புடிச்சு ஒவ்வொரு அழுத்து. அடிச்சுட்டு ரெண்டு கையையும் வெச்சுத் தேய்க்காதே, சூடேறி மேல் வாசம் சீக்கிரம் பறந்துரும். பட்டுச் சேலை மேல அடிச்சே, கறை உனக்கு, திட்டு எனக்கு, சேலை உங்கம்மாளோடது. அடுப்புகிட்ட நின்னுக்கினு அடிக்கவே அடிக்காதே, அது ஸ்பிரிட்டு, குப்புனு புடிச்சுக்கும். பாட்டிலை சன்னல் மேல வெச்சு வெயில் காட்டாதே, அது வடாம் இல்ல. பீரோவுக்குள்ள இருட்டுல கெடக்கட்டும்.

கம்பெனிக்குப் போட்டுக்கினு போகாதே. நீங்க போன் செய்யற லைனுல தூசி ஆகாத ரூமு இருக்குது, பவுடரு, செண்டு எதுவும் உள்ளே வரக்கூடாதுன்னு நீயே சொன்னே. போனுக்கு வேர்வையும் ஆகாது வாசனையும் ஆகாது, அப்படி ஒரு மகாராணி அது. கம்பெனி பஸ்ஸுலயும் அப்படித்தான். சன்னலெல்லாம் சாத்தி, நாப்பது பேரு தூக்கக் கலக்கத்துல போறாங்க. அதுல ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்கு வீசிங்கு. உன் மணிக்கட்டு உன்னோடது, அவ மூக்கு அவளோடது.

கடைசியா ஒண்ணு. போட்டு அரை மணி நேரத்துல உனக்கு வாசனை தெரியாமப் போயிரும். உடனே, "அய்யோ, போயிருச்சே"ன்னு பையிலேர்ந்து எடுத்து இன்னும் நாலு அழுத்து அழுத்தாதே. கருவாட்டுக்காரிக்குக் கருவாடு மணக்குமா? உன் மூக்கு பழகிப் போச்சு, அவ்வளவுதான், வாசம் அங்கேயேதான் இருக்குது. நான் இன்னிக்கு வாசல்ல பிடிச்சு நிறுத்துனதே இதுக்குத்தான். நீ பஸ் ஸ்டாண்டுல ஒருக்கா, அத்திப்பள்ளியில ஒருக்கா, எறங்கறப்ப ஒருக்கா அடிச்சிருக்கே. சந்தேகமா இருந்தா பக்கத்துல இருக்கறவளைக் கேளு. மொழம் போட்டுப் பாக்கற கணக்கு உண்டு: கையை நீட்டுனா எட்டற தூரத்துக்குள்ள மணந்தா அது வாசனை. அதுக்கு மேல போனா ஊர்வலம்.

என்ன பாக்கற? ஆமா, நீ போன மாசம் வாங்குன அந்தச் சின்ன பாட்டில்ல பாதிதான் இருக்குது. நானும் பாத்தேன். போன வெள்ளிக்கிழமை சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போனப்ப, பக்கத்துல நின்ன பொம்பளை என்னைப் பாத்து, "என்ன அவ்வா, கமகமன்னு இருக்கே"ன்னு கேட்டாளே, அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பீரோச் சாவி என் இடுப்புல இருக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

பூனை வந்திருக்கும், பாப்பா. அதோட கடனைத் திருப்பி எடுத்துக்கினு போயிருக்கும்.